ஒன்பது மாத மாத்திரை

எனக்குக் குழந்தை இல்லை. ஒரு தடவை உண்டாகி நாலாம் மாதம் கலைந்துவிட்டது என்று எங்கள் லைனில் மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று பேர் இன்னும் சொல்வார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். வேறு யாரும் என் வாயில் திணிக்கவில்லை.

கல்யாணம் ஆனபோது எனக்குப் பதினெட்டு. அவர் தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்குகிறவர், மேல்பாறை விழாமல் முட்டுக்கட்டை போடுகிற கேங்கில். கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கம்பெனி லைன் வீடு. ஒரே வரிசையில் பதினாறு வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் ஒருத்தர் புரண்டு படுத்தாலும் கேட்கும். அந்த வீட்டில் நான், அவர், என் மாமியார், மூன்று பேர்.

வலி எனக்கு வயசுக்கு வந்ததிலிருந்தே உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அதிகமானது. மாதத்தில் ஆறேழு நாள் தரையில் சுருண்டு கிடப்பேன். வெளிக்குப் போனால் உயிர் போகும். அவர் கிட்டே வந்தாலும் வலிக்கும். அதை யாரிடம் சொல்வது? மாமியாரிடம் பொதுவாக வயிற்று வலி என்று சொன்னேன். எல்லாருக்கும் வர்ற வலிதான், நாங்கள் பார்க்காததா என்றாள். கடைத்தெரு டாக்டர் வாயு என்றார். ஓம வாட்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷம் ஓம வாட்டர் குடித்தேன். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் லைனுக்கு ஒரே குழாய். காலையில் தண்ணீர் வரும். குடங்களை வரிசையாக வைப்போம். வீட்டுக்குத் தூரமாக இருக்கிறவள் குழாயைத் தொடக்கூடாது. அவள் தன் குடத்தை வரிசையில் வைக்காமல் சாக்கடைப் பக்கம் இருக்கிற கல்லின்மேல் தள்ளி வைக்க வேண்டும். வேறு யாராவது பிடித்து ஊற்றுவார்கள். அதனால் யார் என்றைக்குத் தூரம், யாருக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்பதெல்லாம் பதினாறு வீட்டுக்கும் தெரியும். ஒருத்தியின் குடம் இரண்டு மாதம் கல்லுக்குப் போகவில்லை என்றால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே குழாயடிக்குத் தெரிந்துவிடும். என் குடம் மாதம் தவறாமல் கல்லுக்குப் போனது. மற்றவர்களுக்கு மூன்று நாள், எனக்கு ஏழு நாள். "கல்லு உனக்கே எழுதிக் குடுத்துட்டாங்களா இன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் குடத்தைப் பிடித்து ஊற்றியது எப்போதும் பக்கத்து வீட்டு அக்காதான். அவள் விதவை. புருஷன் கீழே பாறை வெடித்துச் செத்தவர். அதற்காக அவளுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்து வீட்டையும் விட்டுவைத்திருந்தார்கள். நான் முனகுவது அவளுக்குச் சுவருக்கு மேலாகக் கேட்கும். செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் இடுப்பில் வைப்பாள். சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுப்பாள். இது வாயு இல்லை, லேடி டாக்டரைப் பார் என்று முதலில் சொன்னவள் அவள்தான். கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

அதற்குள் ஏழு வருஷம் ஆகிவிட்டது. மாமியார் அவருக்கு இரண்டாவது கட்டிவைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். பூதிகோட்டையில் அவருடைய அக்கா மகள் இருந்தாள். முறைப் பெண். என்னைத் துரத்தப் போவதில்லையாம். நானும் இருக்கலாமாம். அந்த ஒரு அறையில். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று மாமியார் சொன்னாள். அவர் ஷிப்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். சும்மா இருக்கிற ஆம்பிளையை நல்லவன் என்று சொல்கிற ஊர் எங்கள் ஊர்.

லேடி டாக்டர் கையை விட்டுப் பார்த்ததுமே நான் கத்தினேன். உள்ளே கட்டி இருக்கிறது, பெங்களூர் போக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார். கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம். வீட்டுக்காரர் என்னைச் சேர்த்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்குத் திரும்பிவிட்டார். வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். இப்போது போல சின்ன ஓட்டை போட்டுக் குழாய் விட்டுப் பார்க்கிற வசதி அப்போது கிடையாது. தொப்புளிலிருந்து கீழே வரை அறுத்தார்கள். ஒரு பக்கத்துச் சினைப்பையில் கட்டி. உள்ளே ரத்தம் பழசாகி சாக்லேட் நிறத்தில் கெட்டியாக இருந்ததாம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதானவர். தமிழ் கொஞ்சம், கன்னடம் கொஞ்சமாகப் பேசினார். என் படுக்கையில் உட்கார்ந்து சொன்னார். அதுவரை என் வயிற்றைப் பற்றி ஒருத்தரும் எனக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. கர்ப்பப்பைக்குள்ளே இருக்க வேண்டிய சதை உனக்கு வெளியேயும் ஒட்டி வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் ரத்தம் விடும். அந்த ரத்தம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே உறைந்து, குடலையும் குழாயையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வலிக்கும் அதுதான் காரணம், குழந்தை நிற்காததற்கும் அதுதான் காரணம் என்றார். நான் அழுதேன். வலி நிஜம் என்று ஒருத்தர் சொன்னதற்கு அழுதேன்.

இனி என்ன செய்யலாம் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வலி போகும், குழந்தை கிடையாது. கட்டியை எடுத்ததோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், ஆனால் திரும்ப வளரும். இல்லையென்றால் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. ஒன்பது மாதம், ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தூரம் நின்றுவிடும். உடம்பு தன்னைக் கர்ப்பம் என்று நினைத்துக்கொள்ளும். வாந்தி வரும், மார்பு கனக்கும், எடை கூடும். அந்த ஒன்பது மாதத்தில் வெளியே ஒட்டின சதை காய்ந்துபோகும். அப்புறம் மாத்திரையை நிறுத்தினால் குழந்தை நிற்க வாய்ப்பு இருக்கிறது. உறுதி கொடுக்க முடியாது, வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். நடுவில் நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். புருஷனுக்கும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். ஊருக்கு வந்து அவரிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசி வரை செய்துகொள்ளவில்லை.

நான் மாத்திரை எடுத்துக்கொண்டேன். வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? கட்டியை எடுத்தாச்சு, புண் ஆற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தூரம் நிற்கும் என்று சொல்லவில்லை. அப்போது அது பொய் சொல்வதற்காக இல்லை. ஒரு ஆம்பிளையிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியாரிடம் சொன்னால் குழாயடி முழுக்கப் போகும். அக்காவிடம் மட்டும் எல்லாம் சொன்னேன். மாத்திரைச் சீட்டை அவள்தான் படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கேட்டு, எப்போது எத்தனை என்று எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

முதல் மாதம் என் குடம் கல்லுக்குப் போகவில்லை. யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது மாதமும் போகவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே காலையில் வாந்தி வந்தது. ரவிக்கை பிடித்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் இருந்தவள் தன் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். "நீ புடி மொதல்ல. ரொம்ப நேரம் நிக்காத" என்றாள். கல்லை எனக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களா என்று கேட்டவள் அவள்தான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் நின்றிருக்கிறது என்று ஒரே வரி. நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. மாமியார் என் கையிலிருந்து குடத்தை வாங்கினாள். ஏழு வருஷத்தில் அவள் என் கையிலிருந்து ஒரு செம்பு கூட வாங்கினதில்லை. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. நான், இன்னும் நிச்சயமா தெரியல அத்த என்றேன். அதுதான் முதல் பொய். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவர் ஷிப்டு முடிந்து வரும்போது மாங்காய் வாங்கி வந்தார். அவருடைய கேங்கில், பெண்டாட்டி மாசமாக இருக்கிறவனை, புதிதாக வெடிவைத்து இன்னும் முட்டுப் போடாத இடத்துக்கு முதல் ஆளாக அனுப்ப மாட்டார்கள். வேறு ஒருத்தன் முன்னால் போவான். அப்படி அவருக்கு முன்னால் யாரோ ஒருத்தன் தினமும் போய்க்கொண்டிருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? அதை நினைத்து எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்காமல் போயிருக்கிறது. ஆனால் அப்போது இறங்கியது. மாமியார் வாரம் ஒரு தடவை எனக்கென்று மீன் வாங்கினாள். நன்றாகவே சாப்பிட்டேன்.

அக்கா ஒரு நாள் மதியம் மாமியார் இல்லாதபோது வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒம்பது மாசம் கழிச்சி இன்னாத்த காட்டுவ? தலகாணியா? இப்பவே சொல்லிடு. திட்டுவாங்க, அவ்வளவுதான். அந்த மாத்திரைய மட்டும் வுட்டுடாத."

சொல்கிறேன் அக்கா, பூதிகோட்டை விஷயம் முடியட்டும் என்றேன்.

அதை நான் யோசித்துத்தான் சொன்னேன். மாமியார் பூதிகோட்டைக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்: பெண்ணுக்கு வேறு இடம் பாருங்கள், இங்கே கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று. அந்தப் பெண்ணுக்கு மாலூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்தது. நிச்சயம் ஆகும்வரை நான் பொறுத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அவள் வந்து என் இடத்தில் உட்காரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நிச்சயம் ஆன அன்று மாமியார் வெற்றிலை வாயோடு வந்து, திங்கட்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், பிரசவ வார்டில் பேர் எழுத வேண்டும் என்றாள். லைன் பெண்கள் எல்லாரும் நாலாம் மாதம் போய்ப் பேர் எழுதி ஒரு அட்டை வாங்கிவர வேண்டும். அங்கே இருப்பது அதே லேடி டாக்டர்.

அது புதன்கிழமை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். மிச்சம் இருந்ததைக் கக்கூஸில் போட்டேன். நடுவில் நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை என்று அந்த டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒன்பது மாதம் கேட்டார். நான் நாலு மாதம்கூடக் கொடுக்கவில்லை. என் வயிறு, என் குழந்தை, எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு. வேறு யாரும் கெடுக்கவில்லை.

சனிக்கிழமை வலி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தம். இத்தனை மாதம் நின்றிருந்தது ஒன்றாக வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, செங்கல் சுட்டு வைத்தாள், சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அப்போது என்னைத் திட்டவில்லை. நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மாமியார் வந்தபோது அக்கா கையில் டம்ளர் இருந்தது. நான் லைன் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து, எல்லாம் போச்சு அத்த என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். இனிமேல் எதுக்கு என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பதினாறு வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். அப்போது மாமியார் டம்ளரைப் பார்த்தாள். அக்காவின் கையோடு இழுத்து மோந்தாள்.

"இவ இன்னா குடுத்தா உனக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். வாசலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அக்காவுக்காக நான் என்ன சொன்னாலும் சரியாகியிருக்கும். அக்கா ஒன்றும் செய்யவில்லை, அவள் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

"சுக்குத் தண்ணி குடுத்தாங்க" என்றேன்.

உண்மைதான். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசமாக இருக்கிறவளுக்குச் சுக்கு சூடு, ஆகாது என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். புருஷனைத் தின்றவள், ஆஸ்பத்திரியில் அறுத்துப் போட்டதை அள்ளுகிறவள், பக்கத்து வீட்டில் குழந்தை வரப்போவது பொறுக்கவில்லை என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தி மண்ணை வாரி அவள்மேல் போட்டாள். அக்கா வாயைத் திறந்து ஒரே வரியில் என்னை முடித்திருக்கலாம். மாத்திரைச் சீட்டு அவளிடம்தான் இருந்தது. அவள் டம்ளரை என் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து அவள் குடத்தைக் கல்லின்மேல் வைக்கச் சொன்னார்கள். யாரும் பிடித்து ஊற்றவில்லை. வேறு லைன் குழாய்க்குப் போனாள். இரண்டு மாதத்தில் ஆபீசில் கேட்டு அதே சுரங்கத்தில் பாலகாட் பக்கத்து லைனுக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். லைன் வாழ்க்கை அவ்வளவு ஒற்றுமை, ஒரு வீட்டுக் கஷ்டம் எல்லா வீட்டுக் கஷ்டம் என்று இப்போது பேசுகிறார்கள். ஒற்றுமைதான். ஒருத்தியைத் தள்ளிவைக்க எல்லாரும் ஒன்றாகத்தான் நின்றோம். நானும் நின்றேன்.

எனக்கு அந்தப் பொய்யால் நல்லதுதான் நடந்தது. ஒரு தடவை நின்றவளுக்கு மறுபடியும் நிற்கும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். இரண்டாவது கல்யாணப் பேச்சு அதோடு போயிற்று. நோய் போகவில்லை. இரண்டு வருஷத்தில் மறுபடியும் கட்டி. பெங்களூருக்குப் போனேன். டாக்டரம்மா என் பழைய சீட்டைப் பார்த்து, ஒன்பது மாதம் முழுசாகச் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அப்படியானால் உனக்கு இந்த மருந்து கேட்கவில்லை, எடுத்துவிடுவதுதான் வழி என்றார். முப்பது வயதுக்குள் எல்லாம் எடுத்தாயிற்று. என் பொய்யை நம்பித்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை மாத்திரை கொடுத்திருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்தபிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்குப் போகும் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பக்கத்து வூட்டு அம்மா?" என்றார். போய்க் காலில் விழு என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

போனேன். பாலகாட்டில் அவள் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. வாங்க என்றாள். என்னை எப்போதும் வாடி என்று கூப்பிட்டவள் வாங்க என்றாள். டீ போட்டாள். ஆபரேஷன் எப்படி ஆச்சு, வலி நின்றதா என்று எல்லாம் கேட்டாள். நான் குனிந்தபோது காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச கததான. உன் மாமியாகிட்ட சொல்லு. கடத்தெருவுல என்னப் பாத்தா இன்னும் எச்ச துப்புது அது."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கே போயிருந்தாய் என்று மாமியார் கேட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் என்றேன்.

மாமியார் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தாள். கடைசி ஒரு வருஷம் படுக்கையில். நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். தினமும் சொல்லலாம் என்று இருந்தது. அவள் என்னிடம் பிரியமாக இருந்தாள். பெறாமலே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றிச் சொல்வாள். அந்தப் பிரியத்தை விட எனக்கு மனசு வரவில்லை. அவள் செத்துப்போனாள்.

சாவுக்கு அக்கா வந்தாள். எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு மாலை. பிணத்தைச் சுற்றி நாங்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். சாவுக்கு வருகிறவளுக்கு இரண்டு பேர் கையை எடுத்து இடம் விடுவார்கள், அவளும் உட்கார்ந்து சேர்ந்துகொள்வாள். அக்காவுக்கு யாரும் கையை எடுக்கவில்லை. குழாயடியில் இருந்த அதே பெண்கள். அவள் நின்றாள். நான் மருமகள். நான் ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும், மற்றவர்கள் நகர்ந்திருப்பார்கள். அவள் என்னை நேரே பார்த்தாள்.

நான் இன்னும் சத்தமாக அழுதேன். அழுதுகொண்டிருக்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது மாலை பிணத்தின் காலடியில் இருந்தது. அவள் போயிருந்தாள்.